அடுக்களைக் கேள்வி பதில்: தேங்காய் ஒரு கறிக்கு மட்டும்

போன இதழில் எண்ணெய் குறைத்துச் சமைப்பது பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், கொஞ்சம் பாராட்டு, மீதி திட்டு. திட்டிலிருந்தே தொடங்குகிறேன், அதில்தான் உருப்படியான கேள்வி இருக்கிறது.

கேள்வி: நீங்கள் எழுதியபடி எண்ணெய் இல்லாமல் உள்ளித்தீயல் வைத்தேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு "இது என்ன, புளித்தண்ணியா?" என்று கேட்டார். சமைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறீர்களா அக்கா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: சமைத்துப் பார்த்துத்தான் எழுதினேன், ஆனால் இடம் போதவில்லை என்று "தேங்காயை எண்ணெய் விடாமல் வறுக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். தீயலின் மொத்த ருசியும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. எண்ணெய் விடாமல் வறுக்கும்போது தேங்காய் தன் எண்ணெயைத் தானே கக்க வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். தீயைச் சிம்மில் வைத்து, கனமான இரும்புச்சட்டியில், கையை எடுக்காமல் கிளறினால் பதினைந்து நிமிடமாவது ஆகும். முதலில் ஈரம் போகும், அப்புறம் பொன்னிறம் வரும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து, சட்டி ஓரத்தில் லேசாகப் பளபளப்புத் தெரியும்போது அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே மல்லியும் மிளகாய் வற்றலும் நாலு வெந்தயமும் போட்டுப் புரட்டுங்கள். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றாமல் அரைத்தால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும், அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

இன்னொன்று என் தப்பு. சின்ன உள்ளியை (சின்ன வெங்காயத்தை) ஆவியில் வேகவைக்கச் சொல்லியிருந்தேன். ஆவியில் வெந்த உள்ளிக்கு அந்த இனிப்பு வராது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் உள்ளியைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி மூடி வையுங்கள். உப்பு உள்ளியிலிருக்கிற நீரை இழுத்துவிடும், அந்த நீரிலேயே வதங்கிவிடும், அடியும் பிடிக்காது. நாலு பேருக்கு வைக்கிற தீயலில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்பது ஆளுக்குப் பத்துக் கலோரி. அதைப் போய் மிச்சம்பிடிக்கச் சொன்ன என்னைத்தான் திட்ட வேண்டும், திட்டிவிட்டீர்கள், சரி.

தேங்காயின் அளவை மட்டும் பாதியாகக் குறைத்து மல்லியைக் கூட்டுங்கள். நன்றாகக் கறுக்க வறுத்த தேங்காயின் மணம் தூக்கலாக இருப்பதால் குறைத்தது தெரியாது. அவியலிலோ ஓலனிலோ இந்த வித்தை பலிக்காது.

கேள்வி: கணவருக்கு வயது 45. இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு அதிகம் என்று வந்திருக்கிறது. டாக்டர் தேங்காயையும் தேங்காய் எண்ணெயையும் குறைக்கச் சொல்லிவிட்டார். மாமியாரோ "நாங்கள் எல்லாம் இதைத் தின்றுதானே வளர்ந்தோம், யாருக்கு என்ன வந்தது" என்கிறார். தேங்காய் இல்லாமல் நம் ஊரில் என்ன சமைப்பது?
(ஒரு வாசகி, தக்கலை)

பதில்: டாக்டர் சொன்னது சும்மா பயமுறுத்தல் இல்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது 20 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கெட்ட கொழுப்பை ஏற்றுவதில் இந்த நிறைவுற்ற கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

மாமியார் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது, ஆனால் மறுபாதியை அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எண்ணெய்க்குப்பியின் மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டிருப்பார்கள், கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். ஒரு முறித் தேங்காய் எட்டுப் பேருக்கான குழம்புக்கு. சாப்பிட்ட கையோடு வயலுக்கு நடந்தார்கள், நெல் குத்தினார்கள், கிணற்றில் இறைத்தார்கள். இப்போது ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சரித்து ஊற்றுகிறோம், தின்றுவிட்டு வண்டியில் போகிறோம். தேங்காய் அதே தேங்காய்தான், அளவும் நாமும்தான் மாறிவிட்டோம்.

முதலில் கணக்கு. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். ஆறு டீஸ்பூன். நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் வரும். ஒரு மாதம் காலிப் பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள், மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். நம்மைப் போலத் தேங்காய் அரைத்துச் சமைக்கிற வீட்டில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் 100 கிராம் பச்சைத் தேங்காயிலேயே 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. ஒரு முறியைத் துருவி 150 கிராம் தேறினால் 50 கிராம் கொழுப்பு உள்ளே போயாயிற்று, அதை யாரும் எண்ணெய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி சமையல். என் வீட்டுச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு வேளைக்கு ஒரு கறியில் மட்டும் தேங்காய். மீன் குழம்பில் தேங்காய் அரைத்தால் துவரனில் (பொரியலில்) தேங்காய் கிடையாது. அவியல் வைத்தால் கூட ரசமும் மோரும் போதும். நம் ஊர் இலையில் பருப்பில் தேங்காய், அவியலில் தேங்காய், துவரனில் தேங்காய், புளிசேரியில் தேங்காய், போதாததற்குப் பாயசத்தில் தேங்காய்ப்பால் என்று வருவது கல்யாணத்துக்கும் ஓணத்துக்கும் உள்ள கணக்கு. அதைச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

ஒவ்வொரு கறிக்கும் ஒரு வழி இருக்கிறது. மீன் குழம்புக்கு நாம் பச்சையாக அரைத்துக் கரைத்துத்தானே கொதிக்க வைக்கிறோம், தொடக்கத்தில் எண்ணெயே வேண்டாம். இறக்கியதும் கறிவேப்பிலையும் தட்டிய சின்ன உள்ளி இரண்டும் போட்டு, அரை டீஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டு மூடிவிடுங்கள். தொடக்கத்தில் ஊற்றிக் காய்ச்சிய எண்ணெயின் வாசம் அடுப்போடு போய்விடும். கடைசியில் விட்ட அரை டீஸ்பூன், தட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறும். அவியலுக்கும் இதேதான். ஓலனுக்கு முதல் பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலோடு நிறுத்துங்கள், தடியங்காயோடு (நீர்ப்பூசணி) வெந்த பெரும்பயறில் கொஞ்சத்தை மசித்துவிட்டால் குழம்பு தடித்துவிடும். எரிசேரியில் பூசணியே மசிந்து கெட்டியாகும், மேலே வறுத்துப் போடுகிற தேங்காய் இரண்டு டீஸ்பூன் போதும். புளிசேரிக்குத் தயிரைக் கூட்டித் தேங்காயைக் குறையுங்கள். தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றுவதைவிடத் தேங்காயை அப்படியே அரைத்துச் சேர்ப்பது மேல். பிழியும்போது கொழுப்பு குழம்புக்கும் நார்ச்சத்து குப்பைக்கும் போகிறது.

அப்புறம், மாத்திரை எழுதியிருந்தால் சமையலை மாற்றிவிட்டோம் என்று அதை நிறுத்திவிடாதீர்கள், மறுபடி இரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும். மாமியாரைச் சமாளிக்க ஒரு வழி சொல்கிறேன்: குழம்பு இறக்கியதும் அந்த அரை டீஸ்பூன் எண்ணெயை அவர் கையாலேயே விடச் சொல்லுங்கள். டீஸ்பூன் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: சுகர்காரர்கள் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) சாப்பிடலாமா? அப்பா கேட்கவே மாட்டேன் என்கிறார்.
(ஒரு வாசகர், அருமனை)

பதில்: அருமனைக்காரரிடம் கிழங்கு தின்னாதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? 1940களில் பர்மா அரிசி வரத்து நின்றுபோனபோது திருவிதாங்கூர் முழுவதும் இந்தக் கிழங்கைத் தின்றுதான் நாள் தள்ளியது. அப்போது நம் கன்னியாகுமரிப் பகுதியும் திருவிதாங்கூர்தானே, 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அந்தப் பாசம் சும்மா விடாது.

ஆனால் கிழங்கு என்பது மாவுச்சத்து. 100 கிராமில் 38 கிராம் மாவுச்சத்து, புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. தப்பு எங்கே நடக்கிறதென்றால், கிழங்கைத் தொடுகறி மாதிரி நினைத்துக்கொண்டு அதற்குப் பிறகு சோறும் சாப்பிடுகிறோம். கிழங்கு அவித்த அன்றைக்குச் சோறு கிடையாது, கிழங்குதான் சோறு. நாலைந்து துண்டு, கூடவே சாளைக் (மத்தி) குழம்பு நிறைய மீனோடு, ஒரு கீரைத் துவரன், அத்தோடு எழுந்துவிட வேண்டும். வெறும் கிழங்கைவிட மீனோடு சேர்ந்த கிழங்கு சர்க்கரையை மெதுவாக ஏற்றும். இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குத்திப் பார்த்தால் அப்பாவுக்கு எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்பது அவருக்கே தெரிந்துவிடும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கை மசித்துத் தேங்காய் அரைத்துத் தாளிப்பது ருசிதான், சுகர்காரருக்கு அவித்த துண்டே போதும்.

அவிக்கும்போது தண்ணீர் நிறைய வைத்து, திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இயற்கையாகவே கொஞ்சம் சயனைடு நஞ்சு உண்டு, அது இந்தத் தண்ணீரோடு போகும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடிப்போட்டு வேகவைக்கிற பழக்கம் வேண்டாம். கசக்கிற கிழங்கை யோசிக்காமல் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் பொரித்த மீன் இல்லாமல் சோறு இறக்க மாட்டார்கள். ஏர் ஃப்ரையர் வாங்கலாமா?
(ஒரு வாசகி, குளச்சல்)

பதில்: காசு சும்மா கிடந்தால் வாங்குங்கள். அது சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி அடிக்கிற ஒரு சின்ன அடுப்பு, அவ்வளவுதான். உங்களிடம் இருக்கிற தோசைக்கல்லே அந்த வேலையைச் செய்யும்.

சாளை, அயிலை இரண்டிலும் எண்ணெய் தன்னாலேயே உண்டு, அதுவும் இதயத்துக்கு நல்லதென்று சொல்கிற ஒமேகா-3 வகை. அதைக் கொண்டுபோய்க் குப்பி எண்ணெயில் மூழ்கடிப்பது எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும். மிளகு, நல்ல சீரகம், நாலு சின்ன உள்ளி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு அரைத்துப் பிரட்டி அரை மணி நேரம் வையுங்கள். தோசைக்கல்லில் ஒரு வாழையிலைத் துண்டை விரித்து, அதன்மேல் ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவி மீனை அடுக்கி மூடுங்கள். இலை கருகும், அந்த வாசம்தான் மீனுக்கு வரும். ஒரு பக்கம் நன்றாகப் பிடித்த பிறகு ஒரே ஒரு தடவை திருப்பினால் போதும், அடிக்கடி கிண்டினால் உதிர்ந்துபோகும். ஆறு மீனுக்கு ஒரு டீஸ்பூன். மொறுமொறுப்புக் கொஞ்சம் குறையும், அதை மறைக்க மாட்டேன். முதல் இரண்டு தடவை பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும்.

நெத்தோலி வாங்கினால் பொரிக்கவே வேண்டாம். மாங்காய், பச்சை மிளகாய், கொரகொரப்பாக அரைத்த தேங்காய் போட்டு அவியலாக வையுங்கள். விசைப்படகுத் தடைக்காலத்தில் பெரிய மீன் கிடைக்காது என்று கவலைப்பட வேண்டாம். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, நம் மாவட்டத்தில் சின்னமுட்டம் ஒரு கணக்கு, குளச்சலும் முட்டமும் தேங்காப்பட்டணமும் இன்னொரு கணக்கு. வள்ளத்துக்காரர்கள் கொண்டுவருகிற சாளையும் நெத்தோலியும்தான் உடம்புக்கு நல்லது, காசும் குறைவு. ஐஸில் கிடந்த நெய்மீனுக்கு அவ்வளவு விலை கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: அக்கா, கருங்கல்காரன், இப்போது சென்னையில் ஐடி வேலை. இரவு ஒன்பதுக்கு ரூமுக்கு வந்து சமைக்கத் தெம்பில்லை. பரோட்டா தின்று தின்று வயிறு கெட்டுவிட்டது. ஒரு குக்கர் இருக்கிறது.
(ஒரு வாசகர்)

பதில்: ஒரு குக்கர் போதும் மக்களே. பயறு கஞ்சி உனக்கு மறந்துபோச்சா? ஒரு தம்ளர் புழுங்கலரிசி, அரைத் தம்ளர் சிறுபயறு, ஆறு தம்ளர் தண்ணீர், இரண்டு பூண்டு, கொஞ்சம் நல்ல சீரகம், உப்பு. காலையில் கிளம்பும்போது அரிசியையும் பயறையும் கழுவி ஃப்ரிட்ஜில் ஊறப் போட்டுவிட்டுப் போ. வந்ததும் குக்கரில் ஏற்றி ஐந்து விசில், அதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், கடைசியில் இரண்டு டீஸ்பூன் தேங்காய்த் துருவல் தூவினால் நம் வீட்டு வாசம் வந்துவிடும். அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் என்கிற புரதக்கூறு பயறில் நிறைய இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் நிறையும். யார் கண்டுபிடித்தார்களோ, கெட்டிக்காரர்கள்.

தொட்டுக்கொள்ள உள்ளிச் சம்மந்தி. மிளகாய் வற்றல் நாலை அடுப்பில் சுட்டு, சின்ன உள்ளி, துளி புளி, உப்பு வைத்துத் தம்ளர் அடியால் நசுக்கு. பப்படத்தைப் பொரிக்காமல் கனலில் சுட்டுக்கொள், ஆனால் ஒன்று போதும், அதில் உப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே மொத்தம் 5 கிராம் உப்புக்குக் கீழே என்கிறது, ஒரு டீஸ்பூன்தான். மிச்சக் கஞ்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். அம்மாவிடம் ஊறுகாய்க்குப் பதிலாகச் சிறுபயறு கொடுத்துவிடச் சொல்.

கேள்வி: சிவப்பரிசிக்கு மாறினால் உடம்பு இளைக்குமா?
(ஒரு வாசகி, திங்கள்சந்தை)

பதில்: இளைக்காது. தவிட்டோடு இருப்பதால் நார்ச்சத்து கூடுதல், சீக்கிரம் பசிக்காது, அது நல்லது. கலோரி வெள்ளை அரிசிக்கும் சிவப்பரிசிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், 100 கிராமுக்கு 350 ஒட்டி. குன்றுபோலக் குவித்தால் எந்த நிறத்தில் குவித்தாலும் குன்றுதான்.

கேள்வி: சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸுக்கு ரசவடையும் பழம்பொரியும் வந்துவிடுகிறது. வேண்டாம் என்றால் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். கருப்பட்டிக் காப்பி குடித்தால் சுகருக்குப் பரவாயில்லையா?
(ஒரு வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: கருப்பட்டியும் சர்க்கரைதான். நிறம் கறுப்பு, வாசம் அருமை, கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, சுகர்காரருக்கு அதனால் எந்தச் சலுகையும் இல்லை. இதை எழுதினால் எங்கள் ஊரிலேயே என்னோடு பேச மாட்டார்கள், பரவாயில்லை.

ரசவடையைப் பார்ப்போம். அது பருப்பு வடை, ரசத்தில் ஊறியது. பருப்பில் குறையில்லை, பொரித்த எண்ணெய் எத்தனையாவது சூடு என்பதில்தான் குறை. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது கெட்டுப்போய்ச் சில பொருட்கள் உண்டாகின்றன, அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. கடை வாசலில் நின்று அளந்து பார்க்கவா முடியும்? எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல், புகை சீக்கிரம் எழும்பினால் அந்தக் கடையில் காப்பி மட்டும் குடியுங்கள்.

வீட்டில் ரசவடை ஆசை வந்தால் பணியாரக் குழியில் துளி எண்ணெய் தடவி வடைமாவை ஊற்றிச் சுட்டு, சூடான ரசத்தில் போடுங்கள். ஊறிய பிறகு வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். வாரத்தில் மூன்று நாள் ஏத்தம்பழத்தைத் தோலோடு ஆவியில் அவித்து டப்பாவில் கொண்டுபோங்கள் (சுகர் இருந்தால் பாதிப் பழம்), அல்லது பெரும்பயறுச் சுண்டல், அல்லது இரண்டு மட்டிப்பழம். பகிர்ந்து கொடுத்தால் யாரும் ஒருமாதிரிப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டியே வைப்பதில்லையா?
(ஒரு வாசகி, பூதப்பாண்டி)

பதில்: வைக்காமலா? தீபாவளிக்கு முந்திரிக்கொத்து சுடாவிட்டால் வீட்டில் கலகம் நடக்கும். சிறுபயறை வாசம் வர வறுத்துத் திரித்து, எள்ளும் வறுத்த தேங்காயும் ஏலமும் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரிப்பது. எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட வேண்டும், காயாத எண்ணெயில் போட்டால் உருண்டை பிரிந்து எண்ணெயைக் குடித்துக் கனத்துவிடும். போன வருஷம் அறுபது சுட்டேன். நாற்பது அக்கம்பக்கத்துக்குப் போயிற்று, பதினைந்தை வீட்டில் தின்றார்கள், எனக்கு ஐந்து. டாக்டரிடம் மூன்று என்று சொன்னேன்.